நெற்றி முடியும் வன்னி வெயிலும்: முகம் இரு நிறமாகாமல் இருக்க

புருவத்தைத் தொடும்படியாகவோ அதற்குச் சற்று மேலாகவோ வெட்டி, நெற்றியில் விழவிடும் முடியை இப்போது இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியிலும் பல பெண்கள் விரும்பி வைத்துக்கொள்கிறார்கள். அழகு நிலையங்களில் இதனைப் பேங்ஸ் என்றும் வீடுகளில் நெற்றி முடி என்றும் சொல்வார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள்களில் இப்படி வெட்டிக்கொள்வோர் கூடுதல். பாடசாலை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. விடுமுறை முடிந்து, பாடசாலை ஒழுங்குக்காக முன்முடியை இழுத்துக் கிளிப் குத்தும் நாளில்தான் பலர் கண்ணாடியில் அந்த வேறுபாட்டை முதன்முதலாகக் காண்கிறார்கள்: நெற்றி பழைய நிறத்திலும், மூக்கும் கன்னமும் நாடியும் ஒரு படி கறுத்தும் இருக்கின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கூர்ந்து பார்த்தால் அது அடிமட்டம் வைத்துக் கீறிய கோடாக இராது. முடிக்கற்றைகள் பிரிந்து நின்ற இடங்களில் கறுப்பு மேலேறியும், அடர்ந்து நின்ற இடங்களில் கீழிறங்கியும், சீப்பின் பற்களைப் போல அந்த விளிம்பு தெரியும்.

இது ஏன் ஏற்படுகிறது, இதனை எப்படித் தவிர்க்கலாம் என்பதை, இதைப்பற்றி முன்பு யோசித்திராத ஒருவருக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே பேசப்படுவது வெள்ளையாவதற்கான வழி அன்று. மாநிறமும் கறுப்பும் குறைகள் அல்ல. அவை இந்த வெயிலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்கு உடல் தந்த காப்பு. ஒரே முகத்தில் ஒரு பகுதி வெயிலை வாங்க, இன்னொரு பகுதி மறைந்திருப்பதால் வரும் வேறுபாட்டைக் குறைப்பதும், அதனுடன் சேர்ந்து தோலுக்கு வரும் சேதத்தைக் குறைப்பதுமே நம் கவலை.

தோல் கறுப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்குவோம். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் நிலத்தை வந்தடைபவை இரண்டு வகை. யூவிபி எனப்படுபவை பெரும்பாலும் மேல்தோலிலேயே நின்றுவிடுபவை; தோல் எரிந்து சிவப்பதற்கு முதன்மைக் காரணம் அவையே. யூவிஏ எனப்படுபவை அதைவிட ஆழமாக, உள்தோல் வரை செல்பவை. சுருக்கங்களுக்கும் தோல் தளர்வதற்கும் அவை பெரிதும் காரணமாகின்றன. மேல்தோலின் அடிப்பகுதியில் மெலனோசைட் என்னும் கலங்கள் இருக்கின்றன. கதிர்கள் பட்டதும் அவை மெலனின் என்னும் நிறப்பொருளைக் கூடுதலாக உண்டாக்கி, அதனைச் சிறு பொதிகளாக அயலிலுள்ள தோல் கலங்களுக்குக் கொடுக்கின்றன. பெற்றுக்கொண்ட கலம் அந்த நிறப்பொருளைத் தன் கருவுக்கு மேலே திரட்டி வைத்து, உள்ளிருக்கும் மரபுப்பொருளைக் கதிரிலிருந்து காக்கிறது. ஆகவே வெயிலில் கறுப்பது என்பது, ஏற்கனவே ஏதோவொரு சேதம் நடந்த பின்னர் தோல் எழுப்பும் தற்காப்பு.

இந்தக் கறுப்பு இரண்டு கட்டமாக வருகிறது. வெயிலில் நின்ற சில நிமிடங்களிலேயே தோன்றுவது, ஏற்கனவே உள்ள மெலனின் யூவிஏ பட்டு மாறுவதால் வருவது. அதில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் மங்கிவிடும். புதிதாக மெலனின் உண்டாகி வரும் கறுப்பு இரண்டு மூன்று நாள்கள் கழித்துத்தான் வெளியே தெரியும்; வாரக்கணக்கில் நிற்பதும் அதுவே. கோயில் திருவிழாவுக்குப் போய்வந்த அன்று ஒன்றும் தெரியாமல் இருந்து, மூன்றாம் நாள் முகம் கறுத்துவிட்டதே என்று திகைப்பதற்கு இதுதான் காரணம். அன்றைக்குப் பூசிய ஏதோவொரு கிறீமின் மீது பழி போடுவோரும் உண்டு. காரணம் பெரும்பாலும் அதற்கு முந்திய நாள்களின் வெயிலிலேயே இருக்கும்.

1975 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் தோமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக், வெயிலுக்குத் தோல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். பின்னர் அது ஆறு வகைகளாக விரிக்கப்பட்டது. நம்மவர்களில் பெரும்பாலோர் அதில் நான்காம், ஐந்தாம் வகைகளில் அடங்குவார்கள். அதாவது எளிதில் எரிந்து சிவக்காத, ஆனால் எளிதில் கறுத்து, கறுத்த நிறத்தை நெடுநாள் வைத்திருக்கும் தோல். வெள்ளைத் தோலுக்குச் சில மணி நேரத்திலேயே எரிச்சல் வந்து எச்சரித்துவிடும். நமக்கு அந்த எச்சரிக்கை பெரும்பாலும் கிடைப்பதில்லை. நோவில்லாமலே கறுப்பதால்தான் வெயிலை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்.

இனி வன்னியின் சூரியனைப் பார்ப்போம். வவுனியா ஏறத்தாழ 8.75 பாகை வட அகலாங்கிலும் கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகையிலும் இருக்கின்றன. சூரியன் ஆண்டில் இரண்டு முறை இவ்விடங்களுக்கு நேர் உச்சியில் வருகிறது: முதலாவது ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், இரண்டாவது ஓகஸ்ட் இறுதியை அண்டி. சூரியன் உச்சம் கொடுக்கும் ஊர்களை ஏப்ரலில் ஒவ்வொரு நாளும் செய்தியில் சொல்வது இதைத்தான். அந்நாள்களில் நண்பகல் 12 மணி 10 நிமிடமளவில் நட்டு வைத்த கம்புக்கு நிழலே இல்லாமற் போகும். புற ஊதாக் கதிரின் வலிமையைச் சொல்வதற்குப் புற ஊதாச் சுட்டெண் (UV Index) என்னும் ஓர் அளவுகோல் உண்டு. 1992 இல் கனடாவில் தொடங்கிய அது பின்னர் உலக சுகாதார ஸ்தாபனத்தாலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதில் 3 ஐத் தொட்டாலே பாதுகாப்புத் தேவை. 11 ஐத் தாண்டினால் மிக உச்ச நிலை. வன்னியில் தெளிந்த வானமுள்ள ஏப்ரல் நண்பகலில் அது 11 ஐத் தாண்டும்.

அளவுகோலைத் தேடிப் பார்க்க முடியாதவர்கள் தங்கள் நிழலைப் பார்த்தாலே போதும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருந்தால் கதிர் வலிமையாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஏப்ரலில் இங்கே காலை ஒன்பது மணி கடந்ததிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரைக்கும் நிழல் குறுகியே இருக்கும். வெக்கையை வைத்துக் கணிப்பது பிழையாகிவிடும். இரணைமடுக் குளக்கட்டில் தண்ணீர்க் காற்று முகத்தில் அடிக்கும்போது வெயில் உறைப்பது தெரியாது, ஆனால் கதிர் குறைவதில்லை. மெல்லிய மேகம் மூடியிருந்தாலும் கதிரின் பெரும்பகுதி ஊடுருவி வந்துவிடும். முல்லைத்தீவுக் கடற்கரையின் காய்ந்த மணல் தன்மீது படும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 வீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. கீழிருந்து வரும் அந்தக் கதிருக்கு முன்னால் நெற்றி முடியும் உதவாது, குடையும் முழுமையாக உதவாது.

இப்போது நெற்றி முடியை இந்த வெயிலுக்குள் வைத்துப் பார்க்கலாம். முடியின் புரதமும் அதிலுள்ள நிறப்பொருளும் புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும். எனவே அடர்த்தியாக விழும் நெற்றி முடி தோலுக்கு உண்மையான நிழல்தான். சிக்கல் என்னவென்றால், அந்த நிழல் ஓரிடத்தில் நிற்பதில்லை. வியர்த்தால் கற்றை கற்றையாக ஒட்டி இடையில் வெளி விடுகிறது, காற்றடித்தால் எழும்புகிறது, கைபட்டால் விலகுகிறது. அதற்கும் மேலாக, அது முகத்தின் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே மறைக்கிறது. சூரியன் உச்சியில் நிற்கும்போது முகத்தில் கூடுதலாகக் கதிரை வாங்குபவை நெற்றியும் மூக்குத்தண்டும் கன்ன எலும்பின் மேடும் ஆகும். இவற்றில் நெற்றியை மட்டும் எடுத்து நிழலில் வைத்துவிட்டால், மற்ற இரண்டும் நெற்றிக்கு எதிரே கறுத்துத் தெரிவது தவிர்க்க முடியாதது.

எந்த வெட்டு எந்த வடிவத்தை விட்டுச்செல்லும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். நேராக, அடர்த்தியாக வெட்டிய முடி புருவத்துக்கு மேலே ஒரு பட்டையை விடும். நடுவில் பிரித்து இருபுறமும் ஒதுக்கும் வெட்டு நெற்றியின் நடுவில் கறுத்த முக்கோணத்தையும் இரு ஓரங்களில் வெளிர்ந்த பகுதிகளையும் விடும்; பொட்டுக்கு மேலே அந்த முக்கோணம் தெளிவாகத் தெரியும். ஒரு பக்கமாக வாரி விடுவது முகத்தின் ஒரு பாதியை மட்டும் காக்கும். மெல்லிதாக, இடைவெளி விட்டு வெட்டிய முடி ஏறத்தாழ எல்லா இடத்திலும் வெளிச்சத்தை விடுவதால் கோடு குறைவாகவே தெரியும். ஆனால் அது நெற்றியைக் காப்பதும் குறைவு. நாள்தோறும் வெளியில் போய்வர வேண்டியவர்களுக்கு, கிளிப் போட்டால் பின்னுக்கு நிற்கும் அளவு நீளமான, ஓரங்களில் மெல்லிதாகும் வெட்டையே நான் பரிந்துரைப்பேன். கட்டையாக வெட்டிய முடி பின்னுக்கும் போகாது, தலைக்கவசத்துக்குள்ளும் ஒழுங்காக அடங்காது.

போகும் வீதியின் திசையும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஏ9 வீதி வன்னியில் ஏறத்தாழ வடக்குத் தெற்காக ஓடுகிறது. பரந்தனிலிருந்து கிளிநொச்சி நகருக்கு வேலைக்குப் போகும் ஒருவர் காலையில் தெற்கு நோக்கிச் செல்கிறார். கிழக்கு வெயில் அவருடைய இடக்கன்னத்தில் படும். பின்னேரம் அவர் வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே இடக்கன்னத்தில்தான் படும். முறிகண்டிப் பக்கமிருந்து நகருக்கு வருபவருக்கு இரண்டு வேளையும் வலக்கன்னம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் தர்மபுரத்திலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போய்வருபவருக்குக் காலையிலும் மாலையிலும் வெயில் நேர் முகத்தில், நெற்றி முடிக்கு அடியால் நுழைந்து வரும். அதே வீதியில் புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சிக்கு வருபவருக்கு இரண்டு வேளையும் வெயில் முதுகிலும் பிடரியிலும். காலை எட்டு மணிக்கு முன்னரும் மாலை நான்கரைக்குப் பின்னரும் கதிரின் வலிமை குறைவு என்பது உண்மையே. ஆயினும் ஆண்டு முழுவதும் ஒரே பக்கத்தில் படுவது சேர்ந்துகொண்டு போகும். ஒரு பக்கமாக வாரி விடும் முடியை வைத்திருப்பவர்கள், தாங்கள் போகும் திசையில் வெயில் படும் பக்கத்துக்கே முடியை வாரி விடலாம். அதைவிடக் கடுமையானது பாடசாலை விடும் நேரம். ஒன்றரை மணிக்குச் சைக்கிளில் வீடு திரும்பும் பிள்ளைகள் நாளின் மிக வலிமையான கதிருக்குள்தான் மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

ஸ்கூட்டியில் செல்வோருக்கு இன்னொரு வகை வேறுபாடு வருகிறது. முகத்தை முழுவதும் மூடாத தலைக்கவசம் நெற்றியை மறைத்து மூக்கையும் கன்னத்தையும் திறந்து விடுகிறது. தூசுக்காக ஷோலை மூக்குக்கு மேலே இழுத்துக் கட்டினால் கீழ்ப்பகுதியும் மறைந்து, கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பை ஒட்டி இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை மட்டும் வெயிலுக்கு மிஞ்சும். நெற்றி முடி, தலைக்கவசம், ஷோல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் முகம் இரண்டு நிறமல்ல, மூன்று நிறமாகவும் ஆகலாம். முன்கண்ணாடி உள்ள தலைக்கவசமானால் அதை இறக்கி விட்டே ஓடுங்கள். நெற்றி முடியைத் தலைக்கவசத்துக்குள் முன்பக்கமாக நசித்து வைக்காமல் பின்னுக்குத் தள்ளி உள்ளே விடுங்கள். இறங்கிய பிறகு சீவி முன்னுக்கு எடுத்துக்கொள்ளலாம். வவுனியாவுக்குப் பேருந்தில் போகிறவர்கள் கண்ணாடியை மூடிவிட்டால் வெயிலிலிருந்து தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். பக்கக் கண்ணாடி யூவிபியைப் பெருமளவு தடுக்குமே தவிர, யூவிஏயில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். திரைச்சீலையை இழுத்து விடுவதே நல்லது.

முகம் ஒரே நிறமாக இருக்க வேண்டுமானால், முடியால் மூடிய இடத்துக்கும் மூடாத இடத்துக்கும் ஒரே பாதுகாப்பைக் கொடுக்க வேண்டும். நெற்றியில்தான் முடி இருக்கிறதே என்று அதை விட்டுவிட்டுக் கன்னத்துக்கு மட்டும் சன்ஸ்கிறீன் என்னும் வெயில் காப்புக் கிறீமைப் பூசுவதும், கன்னத்தை விட்டுவிட்டு முடியை நம்புவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள்.

குறைந்த செலவில் முகம் முழுவதற்கும் ஒன்றாக நிழல் தருவது குடை. நெருக்கமான நெசவுள்ள கறுப்புக் குடை, நேராக வரும் கதிரில் மிகப் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சன்ஸ்கிறீன் விலை கூடிய பொருள். எல்லாருடைய கைக்கும் அது எட்டாது. கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் முதலில் குடை வாங்குங்கள், பிறகும் பணம் மிஞ்சினால் கிறீம். வயலிலும் தோட்டத்திலும் குடை பிடித்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. சிறுபோகத்தில் களை பிடுங்கும் பெண்களுக்குச் சுற்றிவர ஏழெட்டு சதமமீற்றர் அகலமுள்ள விளிம்புடைய தொப்பியே பொருத்தம். பனையோலைத் தொப்பி நல்லது, ஆனால் இழை இடைவெளி இல்லாமல் இறுக்கமாகப் பின்னியதாக இருக்க வேண்டும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, பொட்டுப் பொட்டாக ஒளி விழுகிறதா என்று பார்த்து வாங்கலாம். முன்னால் மட்டும் விளிம்புள்ள தொப்பி காதையும் பிடரியையும் கைவிட்டுவிடும்.

சன்ஸ்கிறீன் வாங்குவோர் குழாயின் மேல் இரண்டு குறிகளைப் பார்க்க வேண்டும். எஸ்பிஎஃப் என்பது யூவிபிக்கு எதிரான காப்பைச் சொல்வது. 30 என்றிருந்தால், போதிய அளவு பூசும்போது யூவிபியில் ஏறத்தாழ 97 வீதத்தையும், 50 என்றிருந்தால் ஏறத்தாழ 98 வீதத்தையும் அது தடுக்கும். ஆகவே 30 க்கும் 50 க்கும் இடையிலான வேறுபாடு பலர் நினைப்பதைவிடச் சிறியது. பிஏ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் யூவிஏக்கு எதிரான காப்பைச் சொல்பவை; குறி கூடக்கூடக் காப்பும் கூடும். எளிதில் கறுக்கும் நம் தோலுக்கு இந்த இரண்டாவது குறி மிகவும் முக்கியம், ஆனால் அதைத்தான் பலர் பார்ப்பதில்லை. நாக ஒட்சைட்டு (zinc oxide) சேர்ந்த கிறீம்கள் உணர்வு கூடிய தோலுக்கு ஏற்றவை என்றாலும் மாநிறத்தில் சாம்பல் பூசியதுபோல வெளிறித் தெரியும். நெற்றியில் அது முடியோரத்தில் நின்றுவிட்டால் இன்னும் அசிங்கமாக இருக்கும். இரும்பு ஒட்சைட்டு சேர்ந்த, நிறமூட்டிய கிறீம் கிடைத்தால் அது இரு வகையில் நல்லது: வெளிறல் தெரியாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் கறுக்கக்கூடிய மாநிறத் தோலுக்கு அந்த ஒளியிலிருந்தும் ஓரளவு காப்புக் கிடைக்கும்.

நெற்றி முடி இருப்பவர்கள் பூசும் முறையில் கவனம் வேண்டும், ஏனென்றால் முடி கிறீமைத் துடைத்து எடுத்துவிடும். கிறீம் முடியைப் பிசுபிசுப்பாக்கிவிடும். முகத்தைக் கழுவித் துவாயால் ஒற்றிய பின், நெற்றி முடியை ஒரு சுற்றுச் சுற்றி உச்சியில் கிளிப்பால் குத்திக்கொள்ளுங்கள். ஆட்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி முதல் அடி வரை இரண்டு கோடாகக் கிறீமைப் பிதுக்கினால், அது முகத்துக்கும் கழுத்துக்கும் ஏறத்தாழப் போதுமான அளவு. பார்க்கும்போது மிகக் கூடுதலாகத் தோன்றும். பெரும்பாலோர் இதில் பாதியோ அதற்கும் குறைவோதான் பூசுகிறார்கள். குழாயில் எழுதியிருக்கும் காப்பு அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நெற்றியில் சிறு சிறு பொட்டாக வைத்து, முடி முளைக்கும் வரிசை வரைக்கும், இரு பக்க நெற்றிப்பொட்டுகளுக்கும், காதின் முன்புறத்துக்கும் இழுத்துப் பரப்புங்கள். பிறகு கால் மணி நேரம் முடியை இறக்க வேண்டாம். பின்னல் பின்னுவதற்கும் தேத்தண்ணி குடிப்பதற்கும் அந்த நேரம் சரியாக இருக்கும். காய்ந்ததும் ஒரு ரிஷூவை நெற்றியில் மெதுவாக ஒற்றி எடுத்து, விரும்பினால் மிகக் கொஞ்சம் பவுடர் தடவி, அதன் பின் முடியை இறக்கினால் ஒட்டாது. திருநீறும் பொட்டும் இதற்குப் பிறகுதான். திருநீறு வெள்ளையாக இருப்பதால் வெயிலைத் தடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். மூன்று குறியாக இட்ட திருநீற்றை வெயில் காப்பாக எண்ணுவது சரியாகாது.

வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும் என்பது விதி. வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்குப் போய் வரிசையில் நிற்பவர்களும், மடுமாதாவின் ஓகஸ்ட் திருவிழாவுக்குச் செல்பவர்களும் அதை உண்மையாகவே பின்பற்ற வேண்டும். வியர்வையை லேஞ்சியால் ஒற்றி எடுத்த பிறகே பூசுங்கள். வியர்வைக்கு மேலே பூசினால் வழிந்து கண்ணுக்குள் போகும். அலுவலகத்துக்குள் இருப்பவர்கள் வெளியே இறங்குவதற்கு முன் ஒருமுறை பூசினால் போதுமானது. குழாயை ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் விட்டு வைக்க வேண்டாம். வெயிலில் நிற்கும் வண்டியின் சூட்டில் கிறீம் பிரிந்து, அதன் ஆற்றலும் குறைந்துவிடும்.

நெற்றி முடிக்குக் கீழே நிறம் மாறுவதற்கு வெயில் மட்டுமே காரணம் அன்று. வன்னியின் வெக்கையில் முடிக்கு அடியில் வியர்வை நிற்கும். அதனுடன் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் கிரவல் வீதித் தூசும் சேர்ந்தால் மயிர்த்துளைகள் அடைத்து, சிறு சிறு பருக்கள் வரிசையாக வரும். அவை ஆறும்போது கரும்புள்ளிகளை விட்டுச் செல்லும். நம் தோலில் அப்புள்ளிகள் மறைய மாதங்கள் ஆகும். எண்ணெய் வைப்பதை விட வேண்டியதில்லை. ஆனால் பின்தலையிலிருந்து உச்சி வரைக்கும் வைத்துவிட்டு, நெற்றி முடியில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளலாம். தலை முழுகாத நாள்களிலும் நெற்றி முடியை மட்டும் முன்னுக்கு எடுத்து, ஒரு துளி ஷம்பூ போட்டுக் கழுவிவிடுவது இரண்டு நிமிட வேலை. அது முடியையும் நெற்றியையும் ஒரே நேரத்தில் காப்பாற்றும். வீட்டுக்கு வந்ததும் முடியைக் கிளிப் போட்டு ஏற்றிவிட்டு நெற்றிக்குக் காற்றுப் பட விடுங்கள். தேங்காய் எண்ணெயை வெயில் காப்பாக நம்புவோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அது தரும் காப்பு மிகச் சிறிது, நம் வெயிலுக்கு முன்னால் அதனைக் கணக்கில் எடுக்க முடியாது.

ஏற்கனவே நிறம் பிரிந்துவிட்டவர்கள் என்ன செய்யலாம்? முதலில், பொறுத்திருக்கலாம். மேல்தோல் தன் கலங்களைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு மாதமளவு எடுக்கிறது. கறுத்த பகுதிக்கு மீண்டும் வெயில் படாமல் பாதுகாத்தால் ஒன்று தொடக்கம் இரண்டு மாதங்களில் வேறுபாடு படிப்படியாகக் குறையும். வெளிர்ந்த நெற்றியையும் வெயிலில் காட்டிக் கறுப்பாக்கிச் சமப்படுத்தலாம் என்று முயல்வது, காக்கப்பட்டிருந்த பகுதிக்கும் சேதத்தைக் கொண்டுபோவதாகும்; அதுவும் ஒருபோதும் அளவாக வராது. நியாசினமைட் அல்லது வைட்டமின் சி சேர்ந்த கிறீம்கள் நிறம் மங்குவதற்கு ஓரளவு துணை செய்யும். சன்ஸ்கிறீனோ குடையோ இல்லாமல் அவற்றை மட்டும் பூசுவதில் பயன் இல்லை. கற்றாளை எரிச்சலைத் தணிக்கும், நிறத்தை எடுக்காது. இடைக்காலத்தில் கோடு தெரிவதுதான் மனத்தை உறுத்துகிறதென்றால், வாரத்துக்கொருமுறை வகிட்டை இடம் மாற்றி வாருங்கள். விளிம்பு கலங்கித் தெரியாமற் போகும்.

தேசிக்காயைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டியிருக்கிறது. வெயில் கறுப்பை எடுப்பதற்குத் தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் தேய்க்கும் வழக்கம் நம் வீடுகளில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அக்கா தங்கைக்குச் சொல்லிக் கொடுக்கிறாள், பெரியம்மா பெறாமகளுக்குச் சொல்கிறார். அந்தச் சாற்றிலும் தேசிக்காயின் தோலிலும் உள்ள சில பொருள்கள் யூவிஏ கதிருடன் சேரும்போது தோலைப் பொசுக்கிவிடும். ஓரிரு நாளில் சிவப்பும் சில வேளை கொப்புளமும் வந்து, பின்னர் சாறு வழிந்த தடத்திலேயே கடும் கபிலக் கோடுகள் தோன்றும். வெயில் கறுப்பு வாரங்களில் போய்விடும். இந்தக் கோடுகள் பல மாதங்கள் நிற்கும். சீனியையோ அப்பச் சோடாவையோ போட்டு உரஞ்சுவதும் தோலைக் காயப்படுத்தி மேலும் கறுக்கச் செய்யும். இவற்றைவிட ஆபத்தானவை, பெயரும் உள்ளடக்கமும் ஒழுங்காக எழுதப்படாமல் விற்கப்படும் வெள்ளையாக்கும் கிறீம்கள். அத்தகையவற்றில் பாதரசமோ வலுவான ஸ்டீரொயிட் மருந்தோ கலந்திருப்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீரொயிட் தோலை மெலியச் செய்து, நிறுத்தியவுடன் முன்பைவிட மோசமாகச் சிவந்து பருக்கள் வர வைக்கும். ஒரு வாரத்தில் நிறம் மாறும் என்று உறுதி சொல்லும் எதையும் முகத்தில் வைக்காதீர்கள்.

சில நிற மாற்றங்கள் வெயில் கறுப்பே அல்ல. இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் ஏறத்தாழ ஒரே வடிவில் படரும் கபிலப் படை, மங்கு எனப்படும் நிறமாற்றமாக இருக்கலாம். கருவுற்ற காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் அது வருவதுண்டு, வெயில் அதைக் கூட்டும். முடிக்கு அடியில் வெளிர்ந்த அல்லது கபில நிறமான வட்டங்கள் தோன்றி, நகத்தால் சுரண்டும்போது மெல்லிய செதிள் உதிர்ந்தால் அது தேமலாக இருக்கலாம். பூஞ்சைக்கான மருந்தே அதற்குத் தேவை. பொட்டு ஒட்டும் இடத்தில் மட்டும் தோல் வெளிறினால், ஒட்டுப் பொட்டின் பசையிலுள்ள இரசாயனம் காரணமாக இருக்கக்கூடும். உடனே அந்தப் பொட்டை நிறுத்த வேண்டும். இவற்றில் எதுவாயினும், இரண்டு மாதப் பாதுகாப்புக்குப் பிறகும் மாறாத நிறமாயினும், ஓரம் ஒழுங்கற்றுப் பெருத்துவரும் மச்சமாயினும், மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, தோல் வைத்திய நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். போகும்போது முகத்தில் பவுடரோ கிறீமோ பூசாமல், நெற்றி முடியைக் கிளிப் போட்டு ஏற்றிக்கொண்டு, இதுவரை பூசிய கிறீம்களின் குழாய்களையும் பையில் எடுத்துச் சென்றால் வைத்தியருக்கு இலகுவாக இருக்கும்.